குதிரைக் காலண்டரின் பின்பக்கம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் மலாக்கா 'அன்பு வாசல்' டயாலிசிஸ் மையத்தின் செயற்குழுக் கூட்டத்தில் பிரிஜிட் மேசையைத் தட்டிப் பேசியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தட்டியது வீண் போகவில்லை. கோலாலம்பூர் கம்பெனிக்காரர் ஜெயகாந்தன் தன் கணினிப் பெட்டிக்கான மூன்று வருட ஒப்பந்தத்தை நீட்டிய அதே மேசையில், எனக்கு ஒரு வாரம் கொடுங்கள், ஒரு பிழை வந்தாலும் நானே ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, கேட்டதை வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

இன்று அந்த வாரத்தின் கடைசி நாள். டிசம்பர் இருபத்து நான்கு, புதன்கிழமை.

ஆறு நாள் ஒரு பிசகும் இல்லை. அவள் செய்து வைத்திருந்தது அப்படி. மையத்தின் விவரங்கள் மூன்று இடத்தில் கிடந்தன. எந்த நோயாளிக்கு எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணை தாதியர் அறைக் கணினியில். வேன் யாரை எங்கே ஏற்றியது, எத்தனை மணிக்கு இறக்கியது என்பது டிரைவர் போனில். யார் எவ்வளவு நேரம் மெஷினில் இருந்தார் என்பது வேறொரு பதிவில். மூன்றும் ஒன்றோடொன்று பேசியதே கிடையாது.

பிரிஜிட் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சிறிய மென்பொருள் இணைப்பானை வைத்தாள். "என்னிடம் இன்னது இருக்கிறது, என்னால் இன்னது செய்ய முடியும், இன்னாருக்கு மட்டும்தான் காட்டுவேன்" என்று அது சொல்லும். அப்படிச் சொல்லும் முறை உலகத்துக்கே பொது. யாரும் அதற்குச் சொந்தம் கொண்டாட முடியாது. எந்த ஏஐ மாடலும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும். டிரைவர் போனைத் தூக்கி, அடுத்து யாரை ஏற்றணும் என்று தமிழில் கேட்டால் போதும். மாடல் அட்டவணையைப் பார்த்து, வேன் எங்கே நிற்கிறது என்று பார்த்து, பெயரும் வீடும் சொல்லிவிடும்.

ஜெயகாந்தனின் பெட்டியும் இதையெல்லாம் செய்யும். ஆனால் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே. ஒரு புதிய விவரத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் அவரைக் கூப்பிட வேண்டும், அவர் மூன்று மாதம் என்பார். பிரிஜிட்டுக்கு வயிறு எரிந்தது அங்கேதான். அப்பா பிறந்த எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்துத் தண்ணீர்க் குழாயின் சாவி கணக்கெழுதும் கிராணி வீட்டில் தொங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. இன்னொரு சாவி இன்னொருவர் வீட்டில் தொங்குவதைப் பார்க்க அவள் பல்கலைக்கழகம் போகவில்லை.

காலை ஆறு மணிக்குப் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தஞ்சோங் கிளிங் வீட்டு கேட்டில் அப்பா கிளாரன்ஸ் குளித்து, தலை சீவி, போர்வைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"டயாலிசிஸுக்குத்தான். வேன் இன்னும் காணோமே."

"உங்களுக்குச் சாயந்திரம் நாலரைதானே?"

"அது சார்ட்ல. இன்னிக்கு எனக்குக் காலையில. சாமிநாதன்கிட்ட சொல்லியாச்சு."

ஏதோ காய்கறி வாங்கும் விஷயம் போலச் சொன்னார். தீபாவளியன்று காலை ஷிஃப்ட்காரரான கோலா சுங்கை பாரு சாமிநாதன் எண்ணெய் தேய்த்துக் குளித்துக் குடும்பத்தோடு உட்கார வேண்டும் என்பதற்காக, மாலை ஷிஃப்ட்காரரான அப்பா விடியற்காலையில் போனார். இன்று அப்பா கிறிஸ்துமஸ் இரவுப் பூசையில் பாட வேண்டும். நோய் வந்த பிறகு முதல் தடவையாகப் பாடகர் குழுவில் தனியாக ஒரு பாட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே சாமிநாதன் மாலைக்குப் போவார், அப்பா காலைக்கு.

இப்படி யார் யார் மாற்றிக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். எல்லாரும்தான் என்றார் அப்பா.

பிரிஜிட்டின் வாயில் பற்பசை காய்ந்தது. அட்டவணைக்குத் தெரியாது. அட்டவணைக்குத் தெரியாதது மாடலுக்கும் தெரியாது. போன் அடித்தது. வேன் ஓட்டுகிற அண்ணன் பிரான்க்ளின்.

"கோலா சுங்கை பாருல நிக்கிறேன். உன் ஏஐ சாமிநாதன் அங்கிள ஏத்தச் சொல்லுச்சு. அவரு கைலியோட வெளிய வந்து என்னை ஒரு மாதிரி பாக்கிறாரு."

"அவங்க மாத்திக்கிட்டது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்லா. நம்ம அப்பாதானே."

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்குடா அங்க போன?"

"நீதானே சொன்ன, சொந்த மூளைய யூஸ் பண்ணாதீங்க, போன் சொல்றத மட்டும் கேளுங்கன்னு. எல்லா டிரைவர் முன்னாடியும் என்னைப் பாத்துச் சொன்ன. கேட்டேன். இப்ப அதுக்கும் திட்டுறியா?"

பிரிஜிட் போனை வைத்தாள். அம்மா செலினா கேக் தட்டோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள், பழைய 'கஞ்சில்' காரில் அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கடலோரச் சாலையில் வழி நெடுகவும் அப்பா மெல்லிய குரலில் பாடிப் பார்த்துக்கொண்டே வந்தார். சுங்கை ஊடாங் பக்கம் எண்ணெய் ஆலையின் நெருப்பு வானத்தில் ஆடியது. அந்த ஆலையில்தான் அவர் இருபது வருடம் ஒப்பந்த வெல்டராக இருந்தார். பிரிஜிட் அதைப் பார்க்கவில்லை. காரின் கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

ஆறு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இருபது நிமிடத் தாமதம்.

வாசலில் கிருஷ்ணவேணி நின்றார். செயற்குழுத் தலைவர். பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர், இன்றும் எல்லாருக்கும் மேட்ரன்தான். மலாக்காவில் பிறந்தும் யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பேச்சை விடாதவர். கிளாரன்ஸ் காலையில் வந்து நிற்பதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கோயில் வேலை இருப்பதாகவும் அதனால் மாற்றிக் கேட்டதாகவும் கிளாரன்ஸ் முந்திக்கொண்டு சொல்லி, பவ்வியமாக உள்ளே நழுவினார்.

மேட்ரன் பிரிஜிட் பக்கம் திரும்பினார்.

"இருபது நிமிஷம் பிந்தினால் அந்த இருபது நிமிஷமும் அவரின்ர ரத்தம் சுத்தமாகிற நேரத்தில இருந்துதான் கழியும், பிள்ளை. மத்தியான ஷிஃப்டில ஒரு பிழை வந்தால் நான் பின்னேரமே ஒப்பந்தத்தில கையெழுத்து வைப்பன். உமக்கு விளங்குதோ?"

விளங்கியது. மத்தியான ஷிஃப்டுக்கான வேன் பத்தரைக்குக் கிளம்பும். மூன்றரை மணி நேரம் இருந்தது.

வெறும் வேனோடு திரும்பிய பிரான்க்ளினைப் பிரிஜிட் சட்டையைப் பிடிக்காத குறையாகப் பின்கட்டுச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். வேறு யாரெல்லாம் மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்டாள். அவன் சுவரில் தொங்கிய குதிரைக் காலண்டரைத் தூக்கித் திருப்பினான். பந்தய நாட்களுக்குக் குதிரைப் படம் போட்ட அதே காலண்டர்தான், நாட்டில் பாதி வீட்டில் தொங்குவது. அதன் டிசம்பர்த் தாளின் பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து.

எழுதியவர் புனிதா அக்கா. நோயாளிகளுக்கு மைலோ கலக்கி, பிஸ்கட் கொடுத்து, போர்வை மடிப்பவர்.

"அதத் தொடாதம்மா. மேட்ரன் பாத்தா கிழிச்சுப் போட்டுருவாங்க. பத்து வருசமா ஓடுது."

பத்து வருடம். தைப்பூசத்துக்கு இந்துக்களுக்காகக் கிறிஸ்தவர்கள், பெரிய வெள்ளிக்குக் கிறிஸ்தவர்களுக்காக இந்துக்கள். மகள் கல்யாணம், பேரன் ஞானஸ்நானம், பொங்கல். வெளியே தெரியாமல் நோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், புனிதா அக்கா காதில் போடுவார்கள், அவர் எழுதி வைத்து டிரைவர்களிடம் சொல்லிவிடுவார். இப்படி மாற்றிக்கொண்டதால் ஒரு நாளும் ஒரு நாற்காலி காலியாக இருந்ததில்லை. இந்த வாரம்தான் டிரைவர்கள் புனிதா அக்காவைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது பிரிஜிட்டுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்கு யார் மேலேயோ கோபம் பொங்கியது. அது தன் மேலேதான் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. கூட்டத்துக்கு முன்பே மூன்று வாரம் இதே சமையலறையில் உட்கார்ந்து புனிதா அக்கா கொடுத்த மைலோவைக் குடித்துக்கொண்டே விவரம் சேகரித்தாள். தாதியைக் கேட்டாள், செயற்குழுவைக் கேட்டாள், மெஷின் பழுது பார்க்க வந்தவரைக்கூடக் கேட்டாள். குவளை நீட்டிய மனுஷியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்த திமிர் என்று இதைத்தான் சொல்வார்கள்.

இன்றைக்கு இன்னும் மூன்று ஜோடி. மத்தியானக்காரர்கள் மாலைக்கு, மாலைக்காரர்கள் மத்தியானத்துக்கு.

அட்டவணையில் பெயரை மாற்றி எழுதிவிட்டு வேலையைப் பார் என்று பிரான்க்ளின் சொன்னான். பிரிஜிட் மாட்டேன் என்றாள். அட்டவணை தாதியின் அட்டவணை. அதைக் கள்ளத்தனமாகத் திருத்தினால் இன்று தப்பிக்கலாம், அடுத்த பெருநாளைக்கு மறுபடியும் யாரோ ஒருத்தர் கேட்டில் நிற்பார். அட்டவணை சொல்வதை அது சொல்லட்டும். அதன் பக்கத்தில் புனிதா அக்காவின் குரலும் கேட்க வேண்டும். நாலாவதாக ஓர் இணைப்பான்.

ஆனால் அப்படிச் செய்தால் இரகசியம் இரகசியமாக இருக்காது. அதையும் மறைக்காமல் சொன்னாள். புனிதா அக்கா கையிலிருந்த துணியைப் பிழிந்தார், உதறினார், மறுபடியும் பிழிந்தார். பிறகு ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றினார்.

"நான் எழுதினது. நானே காட்டுறேன்."

மேட்ரன் பன்னிரண்டு தாளையும் புரட்டினார். முகம் சிவந்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து ஆளுக்கு ஆள் வேறு அளவு, நாற்காலியில் யார் என்று தாதிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டாமா என்று கேட்டார். தாதி தேவிஸ்ரீ தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், எப்போதும் தெரியும். வந்து உட்கார்ந்தவரின் பெயரைப் பார்த்துத்தான் மருந்து போடுவாள். ஆனால் அது அவள் வாயால் சொல்லக்கூடிய விஷயமாக இருந்ததில்லை.

பிரிஜிட் குறுக்கே புகுந்தாள். புனிதா அக்கா மட்டும்தான் மாற்றத்தைப் பதியலாம். தேவிஸ்ரீ சரி என்று சொல்லும் வரை அந்த மாற்றம் செல்லாது. வேன் டிரைவருக்குப் பெயரும் வீடும் மட்டும் தெரியும், மருந்து விவரம் தெரியாது. பத்தரைக்குள் முடித்துத் தருகிறேன் என்றாள்.

"ஜெயகாந்தன் ஒண்டைச் சேர்க்க மூண்டு மாசம் எண்டார். நீர் மூண்டு மணித்தியாலம் எண்டுறீர். புதுசை ஒட்டப் போய் மற்ற மூண்டும் பழுதாப் போனால்?"

எப்படிச் சொன்னால் விளங்கும் என்று பிரிஜிட் தடுமாறினாள். முன்பு கூட்டத்திலும் இதே இடத்தில்தான் தடுமாறி மேசையைத் தட்டினாள். மற்ற மூன்றையும் தொடவே மாட்டேன், பேசும் முறை ஒன்று என்பதால் மாடலே புதியதைக் கண்டு சேர்த்துக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தாள். மேட்ரன் தள்ளுவண்டியிலிருந்து ரத்தம் வடிகட்டும் ஒரு ஃபில்டரையும் ரத்தம் ஓடும் பிளாஸ்டிக் குழாயையும் எடுத்தார். இரண்டின் வாயையும் ஒட்டித் திருகினார். இறுகிப் பொருந்தியது.

"இது ஒரு கம்பெனி. இது வேறை கம்பெனி. ஒருத்தரை ஒருத்தர் கண்டதும் இல்லை. வாய் மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவு. அப்பிடியோ?"

"அப்படித்தான் மேட்ரன். அதேதான்."

"அதை முதலே சொல்லியிருக்கலாம்," என்றார் மேட்ரன். "போம், வேலையைப் பாரும்."

அதற்குப் பிறகு சமையலறை மேசையில் நடந்ததைச் சொன்னால் சின்ன விஷயம்தான். ஒரு பெண் மடிக்கணினியில் தட்டினாள், இன்னொரு பெண் காலண்டரைப் பார்த்துப் படித்தாள். புனிதா அக்காவுக்குத் தட்டச்சுத் தெரியாது, அதனால் பேசினால் பதியும்படி பிரிஜிட் செய்தாள். "பமேலா மத்தியானம் வரும், அகல்யா சாயந்திரம் போகும், இன்னிக்கு மட்டும்" என்று அவர் போனிடம் சொன்னார். திரையில் அது நாளும் பெயரும் ஷிஃப்டுமாகப் பிரிந்து விழுந்தது. புனிதா அக்கா அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பத்து பதினேழுக்குப் புதிய இணைப்பானைத் திறந்துவிட்டாள். பழைய மூன்றில் ஒரு வரியையும் மாற்றவில்லை.

"கேளு," என்றாள் பிரான்க்ளினிடம்.

அவன் போனை வாய்க்கு நேராகப் பிடித்தான். "மத்தியானத்துக்கு முதல்ல யார ஏத்தணும்?"

பிறகு போன் பேசியது. அட்டவணையில் அகல்யா என்று இருக்கிறது. புனிதா பதிந்த மாற்றத்தில் பமேலா என்று இருக்கிறது. தாதியின் ஒப்புதல் இன்னும் வரவில்லை, தேவிஸ்ரீயிடம் கேட்டிருக்கிறேன், சற்றுப் பொறுங்கள்.

உள்ளே தேவிஸ்ரீயின் போன் மணியடித்தது. கண்ணாடிக் கதவு வழியே அவள் எட்டிப் பார்த்து, சிரித்து, திரையில் விரல் வைப்பது தெரிந்தது.

ஒப்புதல் வந்துவிட்டது, பமேலாவை ஏற்றுங்கள் என்றது போன்.

பிரிஜிட் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று தெரியவில்லை, உட்காரவும் முடியவில்லை. யாரும் மாடலுக்குச் சொல்லித் தரவில்லை. மூன்று மணி நேரத்துக்கு முன்னால் அப்படி ஒரு விவரம் இருப்பதே அதற்குத் தெரியாது. இப்போது இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வதைக் கேட்டு, யாரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று பார்த்து, கேட்டே விட்டது. புனிதா அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இது கொஞ்சம் புத்தியுள்ளதுதான். உன்ன மாதிரி கத்தாம கேக்குது," என்றான் பிரான்க்ளின், வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டே.

பத்தரைக்கு வேன் கிளம்பியது. பதினொன்றரைக்குப் பன்னிரண்டு நாற்காலியும் நிறைந்தன. மாலை நாலரைக்கு மறுபடியும் பன்னிரண்டும் நிறைந்தன. கிளாரன்ஸின் நாற்காலியில் சாமிநாதன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் தூக்கம் கெட்டதற்கு இரவு உங்கள் அப்பா நன்றாகப் பாடினால் சரியாகப் போய்விடும் என்று பிரிஜிட்டிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மேட்ரன் எல்லா நாற்காலியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெயர்ப் பட்டையைப் பார்த்தார், மருந்துச் சீட்டைப் பார்த்தார். பிறகு தாதியர் மேசையில் உட்கார்ந்து ஜெயகாந்தனுக்குப் போன் போட்டார். அவர் சொன்னதில் பாதிதான் பிரிஜிட்டுக்குக் கேட்டது. உங்கள் ஒப்பந்தத் தாள்களை ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பாதி.

வாசலில் நின்ற பிரான்க்ளின் சீட்டி அடித்தான், டயாலிசிஸ் அறை என்று நினைவு வந்து பாதியில் நிறுத்தினான். பிரிஜிட்டுக்குக் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. பசி, அழுகை, சிரிப்பு மூன்றும் சேர்ந்து வந்தன. அவள் சிரிப்பை மட்டும் வெளியே விட்டாள்.

"இனி நான் ஒரு கேள்வி கேட்டுப் பாக்கட்டோ?" என்றார் மேட்ரன்.

அவருடைய கடவுச்சொல்லுக்கு மட்டும் மெஷின் பதிவும் திறக்கும். பிரிஜிட்டின் கடவுச்சொல்லுக்குத் திறக்காது, அவளே அப்படித்தான் பூட்டினாள். மேட்ரன் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து, பரீட்சை எழுதுகிற மாணவி போல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். வேன் வாசலில் இறக்கி விட்டும், மெஷினில் ஏறாதவர் ஆரும் கடந்த இரண்டு மாதத்தில் உண்டோ?

வேன் பதிவும் மெஷின் பதிவும் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்டதில்லை. யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க வழியே இருந்ததில்லை. பதில் வர நாலு விநாடி ஆனது.

மேட்ரன் படித்தார். இன்னொரு தரம் படித்தார். திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்ன மேட்ரன், பிழையா?"

"படிவத்தில நெருங்கின உறவு எண்டு உம்முடைய பேர்தானே போட்டிருக்கு," என்றார் மேட்ரன். "அப்ப உமக்குச் சொல்லலாம். ஒரே ஒரு ஆள்தான் பிள்ளை. மூண்டு புதன்கிழமை. எங்கட தாதி போன் பண்ணேக்கை காய்ச்சல், வீட்டில படுத்திருக்கிறன் எண்டு சொன்னவர். ஆனால் வேன் பதிவில நாலு இருபதுக்கு இந்த வாசல்ல இறங்கினதா இருக்கு. ஒன்பது மணிக்கு இதே வாசல்ல ஏறினதாகவும் இருக்கு."

"யாரு?"

"உம்முடைய அப்பா."

இருக்காது என்று பிரிஜிட் சொன்னாள். எங்கோ தப்பு, இணைப்பான் தேதியைக் குழப்பியிருக்கும், சரிபார்க்க வேண்டும் என்றாள். சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. தேதியை அவள் நாற்பது தடவை சோதித்திருக்கிறாள். இன்று முழுக்க அது சரி, அது சரி என்று ஊரோடு சண்டை போட்டவளே அவள்தான். மூன்று புதன்கிழமை. ரத்தம் சுத்தமாகாமல், அந்த உடம்போடு, நாலு மணி நேரத்துக்கு மேல் அந்த மனுஷன் எங்கே போயிருந்தார்?

வேன் பதிவில் இறக்கியாச்சு என்று அழுத்தும் பொத்தானை டிரைவர்தான் அழுத்த வேண்டும். அப்பாவை ஏற்றும் கடலோர வேனுக்கு ஒரே டிரைவர்.

அவள் திரும்பினாள். பிரான்க்ளின் வாசலிலேயே நின்றான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. என்ன, ஏது என்று அவன் கேட்கவில்லை. திரையைப் பார்க்க ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத, பிரிஜிட்," என்றான்.